ஜவாப்தாரி யார்?
ஆர்பத்நாட் வீழ்ச்சியும் அதன்பின் வந்த சட்டங்களும்

திண்டுக்கல் சீமையில் வங்கிக் கணக்கு என்பது ஒரு காலத்தில் வக்கீல்களுக்கும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கும் உரிய சமாசாரமாகவே இருந்தது. பேகம்பூரைச் சுற்றியிருந்த தோல் ஷாப்புகளில் வேலை செய்தவர்களும், புகையிலைத் தரகர்களும், சுற்றுப்புறக் கிராமத்து விவசாயிகளும் தம் கையில் மிஞ்சியதை ஊரில் நாணயம் பெற்ற ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைப்பார்கள். பெண்மக்கள் மகளின் நிக்காஹ்வுக்கென்று சேர்த்ததும் அங்கேதான் போய்ச் சேரும். சீட்டு இல்லை, முத்திரை இல்லை; வியாபாரியின் பேரேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கும். “அமானிதமாகக் கொடுத்து வைத்திருக்கிறேன்” என்பார்கள். இதனைப் பெரியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

அந்த வியாபாரி நொடித்து மஞ்சள் கடுதாசி கொடுத்தாரானால் அவருடைய கடையும் வீடும் தோட்டமும் ஏலத்துக்கு வரும். “கம்பெனிதான் முழுகிற்று, நான் முழுகவில்லை” என்று சொல்லும் வசதி அவருக்குக் கிடையாது. அந்த வசதி பின்னால் வந்தது. அது எவ்வாறு வந்தது, அதனால் யார் தப்பினார்கள், தப்பியவர்களைப் பிடிக்கச் சட்டம் என்னென்ன வலை பின்னிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். மக்கள் வழக்கில் கொடுத்து வைத்ததெல்லாம் அமானிதம். ஃபிக்ஹு நூல்களோ அப்படிச் சொல்வதில்லை. ஒரு பொருளைப் பாதுகாப்புக்காக மட்டும் வாங்கி வைத்தவர், அது தம் குற்றமின்றித் திருட்டுப் போனாலோ தீயில் எரிந்தாலோ, ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். பிறர் முதலை வைத்து வியாபாரம் செய்யும் முளாரபா கூட்டாளிக்கும் அதே விதிதான். அவர் வரம்பு மீறினால் அல்லது அசட்டை செய்தால் மட்டுமே ‘ளமான்’ என்னும் ஈட்டுப் பொறுப்பு அவர் மேல் வரும். ஆனால் பாதுகாக்கக் கொடுத்த பணத்தைத் தம் பணத்தோடு கலந்து செலவழித்துவிட்டால் அவர் கை அமானிதக் கை என்ற நிலையிலிருந்து நீங்கிவிடுகிறது, அவர் பொறுப்பாளியாகிவிடுகிறார். கடனாக வாங்கியவருக்கோ எந்தச் சமாதானமும் இல்லை. எரிந்தாலும் திருடு போனாலும் அவர் திருப்பித் தந்தே ஆகவேண்டும். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நூல்களிலும் அமானித பாடத்தை ஓதிய மாணவர் எவரும் இதை அறிவர்.

இந்த வேறுபாட்டின் முழுக் கனத்தையும் காட்டும் வரலாறு ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை மகனாரான ஹழ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தைக் கொண்டுவந்து பாதுகாப்பாக வைக்கச் சொல்வார்கள். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே எழுதிக்கொள்வார்கள். அது தொலைந்து போய்விடுமோ, உரியவர் நஷ்டமடைவாரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஹிஜ்ரி 36ல் (கி.பி. 656) ஜமல் போரின் பொழுது அவர்கள் கொல்லப்பட்டபோது, ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை, இருந்தவை நிலங்களும் மதீனாவில் பதினொரு வீடுகளும் பஸராவில் இரண்டும் கூஃபாவிலும் எகிப்திலும் ஒவ்வொன்றும். கடனோ 22 லட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) கணக்கெடுத்தார்கள். 1,70,000க்கு வாங்கிய ‘காபா’ என்னும் நிலம் 16 லட்சத்துக்கு விலைபோயிற்று. கடன் தீர்ந்தபின் மற்ற வாரிசுகள் பாகம் கேட்டார்கள். அப்துல்லாஹ் அவர்களோ, நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் பகிரங்கமாக அறிவித்து, தந்தையாரிடம் பணம் கொடுத்தவர் எவரேனும் விடுபட்டிருந்தால் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று அழைத்தபிறகே பாகம் பிரித்தார்கள்.

இதில் யாரையும் சிறையில் தள்ளவில்லை. பணம் திரும்பியது, திருப்பிக் கொடுத்தது சொத்து. இதை நினைவில் இருத்திக்கொண்டு சென்னைப்பட்டினத்துக்கு வருவோம்.

வங்கியில் போட்ட பணம் எந்த வகை என்ற கேள்வி ஆங்கிலச் சட்டத்திலும் எழுந்தது. 1848ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, ஃபோலி என்பவருக்கும் ஹில் என்பவருக்கும் நடந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று: வங்கியாளர் தர்மகர்த்தா அல்லர், கடனாளி. போட்ட பணம் அவருடையதாகிவிடுகிறது; கேட்டபோது அதே தொகையைத் தர அவர் கடமைப்பட்டவர். ஸுபைர் (ரலி) அவர்கள் தாமாக முன்வந்து எழுதிக்கொண்ட அதே கணக்குத்தான் இது. வேறுபாடு, கடனாளியின் பின்னால் எவ்வளவு சொத்து நிற்கிறது, யாருடைய சொத்து நிற்கிறது என்பதில்தான்.

சென்னையில் அக்காலத்தில் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று பெரிய ஆங்கில வியாபார நிறுவனங்கள் இருந்தன. 1810ல் நிறுவப்பட்ட ஆர்பத்நாட் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றுள் தலைசிறந்ததாக விளங்கிற்று. பெயரில் கம்பெனி என்றிருந்தாலும் இக்காலப் பொருளில் அது பங்குக் கம்பெனி அன்று. சில வெள்ளைக்காரக் கூட்டாளிகள் நடத்திய கூட்டு வியாபாரம். ஏற்றுமதி இறக்குமதி, ஏஜென்சி ஆகியவற்றோடு வட்டிக்கு வைப்புத்தொகையும் பெற்று வந்தது. ஜமீன்தார்களும் வக்கீல்களும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் அங்கே பணம் போட்டிருந்தார்கள். அரசாங்கத்தில் போட்டதற்கு ஒப்பாகவே மக்கள் அதைக் கருதினார்கள். அப்போது மதுரை ஜில்லாவின் ஒரு தாலுகாத் தலைநகராயிருந்த திண்டுக்கல்லில் ஸ்பென்ஸர் கம்பெனியின் சுருட்டுத் தொழிற்சாலையைப் பார்த்தே வெள்ளைக்கார நிறுவனத்தின் பெருமையை நம்மவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள் என்றால், சென்னைக் கடற்கரைச் சாலையில் கொலுவீற்றிருந்த ஆர்பத்நாட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் கஃப் ஆர்பத்நாட். லண்டனில் இருந்துகொண்டு அங்கத்திய பணவிவகாரத்தைக் கவனித்தவர் பேட்ரிக் மக்ஃபேடியன். லண்டனில் அவர் பெயரிலேயே ஒரு தோழமை நிறுவனம் நடந்தது. அங்கே ஊக வியாபாரத்தில் பணம் கரைந்தது. சென்னையில் போட்ட சேமிப்பு லண்டன் சூதாட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது பணம் போட்டவர்களுக்குத் தெரியாது. 1906 அக்டோபர் 20ஆம் நாள் சனிக்கிழமை, மக்ஃபேடியன் லண்டனில் சுரங்க ரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். 22ஆம் நாள் திங்கட்கிழமை சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனியின் கதவு மூடப்பட்டது.

அதன்பின் சென்னை கண்டது, அதற்கு முன் அந்நகரம் கண்டிராத பணக்கலக்கம். கூட்டாளிகள் திவால் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். கடன்கொடுத்தோர் தரப்பில் முன்னின்று வாதாடியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். சர் பட்டம் பெற்ற ஓர் ஆங்கிலேயப் பிரமுகரை, அதுவும் சுதேசி இயக்கம் சூடுபிடித்திருந்த அந்நாளில், இந்திய வக்கீல் ஒருவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டிக் கேள்வி கேட்டது நாடெங்கும் பேசப்பட்டது. குற்றவியல் வழக்கும் தொடரப்பட்டது. ஏமாற்றிய குற்றத்துக்காக சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இத்தகைய வழக்குகளில் கூட்டாளி தரப்பில் சொல்லும் சமாதானம் எல்லாக் காலத்திலும் ஒன்றே: தவறு செய்தவர் வேறொருவர், நான் அவரை நம்பினேன். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதால் அது வசதியான சமாதானமுங்கூட. ஆயினும் கேள்வி அதுவன்று. கொடுக்க வகையில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் இருந்தும், இன்னொருவரின் பணத்தை ஏன் வாங்கினாய் என்பதே கேள்வி. நிறுவனம் உள்ளே உளுத்துப்போன பிறகும் அதன் வாசலில் வைப்பு வாங்குவது நிற்கவில்லை.

தண்டனை கிடைத்ததில் சென்னைவாசிகளுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும். ஆனால் பதினெட்டு மாதம் யாருடைய பேரேட்டிலும் வரவாகவில்லை. ஆங்கில நிறுவனங்களின் மேலிருந்த நம்பிக்கை உடைந்ததே உருப்படியான விளைவு. கிருஷ்ணசாமி ஐயரும் அவருடைய நண்பர்களும் உள்நாட்டார் முதலில் ஒரு வங்கி வேண்டும் என்று முனைந்தார்கள். 1907 மார்ச்சில் பதிவான இந்தியன் வங்கி அவ்வாண்டு ஆகஸ்டு 15ல் அலுவலைத் தொடங்கிற்று.

இதே பதினெட்டு மாதத் தண்டனை இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்காத்லாந்தில் நடந்த இன்னொரு வீழ்ச்சியிலும் வருகிறது. ஆனால் கணக்கு அங்கே வேறுவிதமாக முடிந்தது. 133 கிளைகளோடு நடந்த கிளாஸ்கோ நகர வங்கி 1878 அக்டோபர் 2ல் மூடப்பட்டது. பொய்யான ஐந்தொகை வெளியிட்டதற்காக 1879 ஜனவரியில் மேலாளர் ஸ்ட்ரோனக்கும் இயக்குநர் பாட்டரும் பதினெட்டு மாதமும், மற்ற ஐந்து இயக்குநர்கள் எட்டு மாதமும் சிறைத்தண்டனை பெற்றார்கள். ஆயினும் பணம் போட்டவர்களுக்கு முழுத்தொகையும் திரும்பிற்று. எப்படி? அந்த வங்கியின் பங்குதாரர்களுக்கு அளவிட்ட பொறுப்பு இல்லை; வங்கியின் கடன் அவர்களுடைய கடன். நூறு பவுன் பங்குக்கு 2,750 பவுன் கட்டச் சொல்லி அழைப்பு வந்தது. 1,819 பங்குதாரர்களில் கடைசியில் திவாலாகாமல் நின்றவர்கள் 254 பேர். அநாதைகளின் சொத்துக்குத் தர்மகர்த்தாவாக இருந்து பங்கு வாங்கி வைத்தவர்கள்கூடத் தம் சொந்தப் பொருளை இழந்தார்கள்.

பணம் போட்டவர் பிழைத்தார். ஒன்றுமறியாப் பங்குதாரர் அழிந்தார். இதைப் பார்த்து அஞ்சிய உலகம் அளவிட்ட பொறுப்பு என்னும் ‘லிமிடெட்’ முறையின் பக்கம் விரைந்தது. இந்தியாவில் வங்கிகளுக்கு அந்த அனுமதி 1860லேயே கிடைத்துவிட்டது. போட்ட பங்குப் பணத்துக்கு மேல் பங்குதாரருக்குப் பொறுப்பில்லை என்றாயிற்று. நியாயந்தான். ஆனால் அதே வேலிக்குப் பின்னால், வங்கியை ஆட்டிப்படைத்த டைரக்டர்கள் எனப்படும் இயக்குநர்களும் போய் நின்றுகொண்டார்கள். பங்குதாரரின் சொத்து விலகிக்கொண்ட இடத்தில் வேறு யாருடைய சொத்தை வைப்பது என்று சட்டம் தேடத் தொடங்கிய காலம் இது.

தேடல் முதலில் எவ்வளவு தளர்வாக இருந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சேமிப்பு வங்கி மோசடியால் கெட்டது. அதன் தலைவர் பியூட் பிரபு. தகப்பனார் வகித்த அப்பதவி அவருக்கு ஆறு மாதக் குழந்தையாயிருந்தபோதே வாரிசுரிமையாக வந்துவிட்டது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் போன கூட்டம் ஒன்றே ஒன்று. 1892ல் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாளியாக்கவில்லை. கூட்டத்துக்கு வராதவர் வராத கூட்டத்தின் தவறுக்குப் பொறுப்பல்லர் என்பது அதன் கருத்து. அதாவது கூட்டத்துக்கு ஒழுங்காகச் சென்ற அப்பாவி மாட்டிக்கொள்வார். வீட்டில் இருந்துகொண்டு பெயரை மட்டும் கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார்! நம் பக்கத்தில் பணம் திரட்டும் நிறுவனங்கள் ஊர்ப் பெரியவர்களின் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள ஏன் துடிக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்களுக்கு பியூட் பிரபுவின் கதை அந்நியமாகத் தோன்றாது.

1922ல் லண்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி கவிழ்ந்தது. சிட்டி எக்விட்டபிள் என்பது அதன் பெயர். தலைவர் பெவன் மோசடிக்காக ஏழாண்டு சிறை சென்றார். அசட்டையாயிருந்த மற்ற இயக்குநர்களோ, வேண்டுமென்றே செய்த தவறுக்கன்றி வேறெதற்கும் பொறுப்பில்லை என்று கம்பெனி விதிகளிலேயே தமக்கு எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். 1925ல் வெளிவந்த தீர்ப்பு அந்த விதியை ஏற்று அவர்களை விட்டுவிட்டது. அமானிதக்காரர் ஒருவர், நான் அசட்டை செய்தாலும் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வதற்கு ஒப்பானது இது. இங்கிலாந்தில் 1929லும், இந்தியக் கம்பெனிச் சட்டத்தில் 1936 திருத்தத்தாலும் இத்தகைய விதிகள் செல்லாதவையாக்கப்பட்டன.

அதற்கு இரண்டாண்டு கழித்துத் தென்னாட்டில் பெரிய இடி விழுந்தது. கே.சி. மாம்மன் மாப்பிள்ளை நிறுவிய திருவாங்கூர் நேஷனல் வங்கியும் சி.பி. மாத்தனின் குயிலோன் வங்கியும் 1937ல் இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக எழுந்தன. 1938 ஜூனில் அது பணம் கொடுப்பதை நிறுத்திற்று. சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. அக்டோபரில் இருவரும் சென்னையில் கைதாகித் திருவாங்கூருக்குக் கொண்டுபோகப்பட்டு, வழக்கு நடந்து சிறைப்பட்டார்கள். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கும் மாம்மன் மாப்பிள்ளையின் மலையாள மனோரமா பத்திரிகைக்கும் இருந்த அரசியல் பகை இவ்விவகாரத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பது இன்றும் விவாதத்துக்குரியது. பத்திரிகையும் அவ்வாண்டே மூடப்பட்டு 1947ல்தான் மீண்டும் வெளிவந்தது. மாத்தன் பின்னர் 1952ல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சூடானில் இந்தியத் தூதராகவும் இருந்தார். சிறைத்தண்டனையை மட்டும் நீதியின் அளவுகோலாகக் கொள்வதிலுள்ள இடர் இங்கே தெரிகிறது. ஆள்வோரின் கோபம் எங்கே முடிகிறது, பணம் போட்டவரின் உரிமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடிவதில்லை.

சுதந்திரத்திற்குப் பின் வந்த சட்டம் இந்த அனுபவங்களையெல்லாம் உண்டு செரித்ததாகத் தோன்றுகிறது. 1949ஆம் ஆண்டு வங்கிக் கம்பெனிகள் சட்டத்தில், கலைக்கப்படும் வங்கிகளுக்கென்று தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. 1953ல் அது வலுப்படுத்தப்பட்டது. இயக்குநரையும் தணிக்கையாளரையும் உயர்நீதிமன்றம் பகிரங்கமாக விசாரிக்கலாம். இயக்குநர் ஒருவர் மேல் முதல் நோக்கில் குற்றம் தெரிந்தால், தாம் பொறுப்பில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அவரே. நிரூபிக்கத் தவறினால் நஷ்டத்தை அவர் திருப்பிக் கட்டவேண்டும். பினாமி பெயரில் அவர் வைத்திருக்கும் சொத்தையும் ஜப்தி செய்யலாம். வழக்கமாக வாதிக்குரிய பாரத்தைப் பிரதிவாதியின் தோளில் ஏற்றிய இந்த ஏற்பாடு சாதாரணமானதன்று. பிறர் பொருளை வாங்கி ஆண்டவர், கணக்குத் தம் கையிலேயே இருந்தபடியால், கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டவர் என்ற நியாயம் அதில் அடங்கியிருக்கிறது.

1973ல் சுப்ரீம் வங்கி என்னும் கலைக்கப்பட்ட ஒரு வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பியூட் பிரபுவின் கதையைத் தலைகீழாக்கிற்று. நிர்வாகத்தோடு நெடுங்காலம் நெருங்கியிருந்த இயக்குநர், மேலோட்டமாகப் பார்த்தாலே எவருக்கும் தெரியக்கூடிய ஒன்றைத் தாம் பார்க்கவில்லை என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மோசடியில் அவர் நேரடியாகக் கையிட்டதற்குத் தனிச்சான்று இல்லாவிடினும் பொறுப்பு அவரைச் சேரலாம். அத்தகைய இயக்குநர் இறந்தாலும் பொறுப்பு அவரோடு புதைவதில்லை. அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளிடம் கேட்கலாம். வாரிசுகளின் பாகத்துக்கு முன் கடன் என்பது நம் மீராஸ் சட்டத்தின் பாலபாடம். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் நான்கு ஹஜ்ஜுக் காலம் காத்திருந்தது அதற்காகவே. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் இயக்குநரின் கவனத்தையும் திறமையையும் சுயேச்சையான தீர்மானத்தையும் கடமைகளாகவே எழுதி வைத்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, இயக்குநரின் சொத்து எப்போதாவதுதான் நஷ்டத்துக்கு ஈடாகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1960 ஆகஸ்டு 8ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது ஏழை எளியவர் பட்ட பாடு நாட்டையே உலுக்கிற்று. அதன் பயனாக 1962 ஜனவரி முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில்தான். 1993ல் ஒரு லட்சமாகவும் 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாகவும் உயர்ந்தது. இக்காப்பு வங்கிகளுக்கு மட்டுமே. ஊர்தோறும் பலகை மாட்டி அதிக வட்டி காட்டும் நிதி நிறுவனங்களுக்கு இது கிடையாது.

அந்த நிறுவனங்கள் 1990களில் தமிழ்நாட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. வட்டி வேண்டாம் என்று வங்கியை விலக்கிய நம் குடும்பங்கள் சிலவும், ‘லாபத்தில் பங்கு’ என்ற இனிய பெயரில் மாதாமாதம் குறித்த தொகை தருவதாகச் சொன்னவர்களிடம் கொண்டுபோய்க் கொட்டின. முதலுக்கும் உறுதி, மாத வருமானத்துக்கும் உறுதி என்றால் அது முளாரபா ஆகாது என்பதை எந்த ஆலிமிடமும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சங்கடத்தோடு எழுதுகிறேன், பெயர்ப்பலகையில் ‘அல்’ என்ற எழுத்தைக் கண்டாலே நம்மவர்களுக்குக் கணக்கைக் காட்டு என்று கேட்க நா எழுவதில்லை.

இவ்வீழ்ச்சிகளின் விளைவாக 1997ல் தமிழ்நாடு அரசு, நிதி நிறுவனங்களில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டத்தை இயற்றிற்று. பணம் திருப்பித் தரத் தவறினால் நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஒவ்வொருவருக்கும் பத்தாண்டு வரை சிறை. அதோடு, நிறுவனத்தின் சொத்து போதாவிடில் நடத்தியவர்களின் சொந்தச் சொத்தையும் ஜப்தி செய்து விற்றுப் பங்கிடலாம். கெட்ட எண்ணத்தோடு மனைவி மக்கள் பெயருக்கோ நண்பர் பெயருக்கோ மாற்றிய சொத்தும் ஜப்திக்குத் தப்பாது. மகாராஷ்டிரத்தின் இதே போன்ற சட்டத்தை 2005ல் பம்பாய் உயர்நீதிமன்றம் செல்லாதென்று கூறிய நிலையில், தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வழக்குகளுக்கான தனி நீதிமன்றங்கள் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் உள்ளன. திண்டுக்கல் மாவட்டத்தார் தம் ரசீதுகளை எடுத்துக்கொண்டு போவது மதுரைக்குத்தான்.